தமிழ்வழி நிரலாக்கக் கற்பித்தலில் சொல்லும் தொடரும்: மேல்நிலைப் பாடநூல்களையும் ‘எழில்’ நிரல்மொழியையும் முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கணினி நிரலாக்கத்தை முதன்முதலாகக் கற்கும் தமிழ்வழி மாணவர்க்குத் தடையாக அமைவது ஆங்கிலம் மட்டுமே என்னும் கருத்து பரவலாக உள்ளது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018ஆம் ஆண்டு முதல் வழங்கும் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடங்களையும், முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியையும் இக்கட்டுரை இக்கருத்தின் பின்னணியில் ஆராய்கிறது. கலைச்சொற்கள் பிற பாடங்களின் சொற்களோடு மோதும் இடங்கள், பாட அடுக்குமுறை, தமிழ்த் தொடரமைப்போடு நிரல்மொழியின் கட்டளைகள் பொருந்தியும் விலகியும் நிற்கும் இடங்கள் ஆகியன இங்கு ஆய்வுக்கு உட்படுகின்றன. சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் தொழில், கல்விச் சூழல் இவ்வாய்வுக்குக் களப்பின்னணியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிரலாக்கம், கலைச்சொல், தொடரமைப்பு, எழில், பாடநூல், நிரல்நிறை, செவிவழிக் கற்றல்

முன்னுரை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. இயந்திரத் தொழிலை நம்பி வளர்ந்த இவ்வூர்களில் கடந்த இருபது ஆண்டுகளில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கட்டடங்களும் எழுந்துள்ளன. அக்கட்டடங்களுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளிகளில் கணினி அறிவியலைத் தமிழில் படிக்கும் மாணவர்கள் இருக்கின்றனர். கட்டடத்தின் உள்ளே எழுதப்படும் நிரலுக்கும் பள்ளியில் மனனம் செய்யப்படும் நிரலுக்கும் இடையேயுள்ள தொலைவு, ஒரு பேருந்து நிறுத்தத்தைக் காட்டிலும் மிகப் பெரிது.

இத்தொலைவுக்குக் காரணம் மொழியே என்று கூறி, அதற்கு இரண்டு தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன. பயிற்றுமொழியை ஆங்கிலமாக்குவது ஒன்று. நிரல்மொழியையே தமிழாக்குவது மற்றொன்று. இவ்விரண்டும் சிக்கலைச் சொல்லின் மேற்பரப்பிலேயே காண்கின்றன. ‘இஃப்’ என்பதற்கு மாற்றாக ஒரு தமிழ்ச்சொல்லை இட்டால் போதுமா, அச்சொல் தொடரில் எங்கே நிற்க வேண்டும், அதே சொல் மாணவரின் பிற பாடங்களில் என்ன பொருள் தருகிறது என்னும் வினாக்கள் இதுவரை போதிய அளவு எழுப்பப்படவில்லை. இவை இலக்கண வினாக்கள். ஆதலின் தமிழ் ஆய்வாளரும் இவற்றுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர் ஆவர்.

ஒரே வகுப்பறையில் மூன்று ‘அணி’கள்

பதினோராம் வகுப்பில் கணிதம், கணினி அறிவியல், தமிழ் ஆகியவற்றை ஒருசேரப் படிக்கும் மாணவரின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். தமிழ் வகுப்பில் அணி என்பது செய்யுளுக்கு அழகு சேர்ப்பது. கணித வகுப்பில் எண்களை நிரையாகவும் நிரலாகவும் அடுக்கிய செவ்வக அமைப்பே அணி. கணினி வகுப்பிலோ ஒரே வகைத் தரவுகளை ஒரே பெயரின்கீழ் நினைவகத்தில் தொடர்ச்சியாக வைக்கும் ஏற்பாடு அணி எனப்படுகிறது. பின்னிரண்டும் ஒன்றோடொன்று உறவுடையவை. இருபரிமாண அணியைக் கற்கும்போது அவ்வுறவு துணைசெய்யவும் கூடும். ஆயின் ஆங்கிலத்தில் இவை இருவேறு சொற்களால் வேறுபடுத்தப்படுகின்றன. தமிழில் அவ்வேறுபாட்டை ஆசிரியரே தனித்து விளக்கியாக வேண்டும். பாடநூல் அதைச் செய்வதில்லை.

‘நிரல்’ என்னும் சொல்லின் நிலை இன்னும் சுவையானது. கணிதப் பாடநூலில் நிரை என்பது கிடைவரிசை. நிரல் என்பது செங்குத்து வரிசை. கணினிப் பாடநூலில் நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி. இலக்கணத்தில் நிரல்நிறை என்பது பொருள்கோள் வகைகளுள் ஒன்று. இம்மூன்றுக்கும் அடியில் ‘வரிசை’ என்னும் ஒரே பொருள் நின்று நிலவுகிறது. நிரல் என்பது வரிசைப்படுத்தப்பட்ட கட்டளை என்று ஒரு வரியில் விளக்கினால், கணினிச் சொல்லுக்கு ஈராயிரம் ஆண்டுச் சொல்வழக்கின் துணை கிடைத்துவிடும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘செய்நிரல்’ என்று வழங்குகின்றன. செயலின் வரிசை என்னும் பொருள் அச்சொல்லிலேயே வெளிப்பட்டு நிற்பதாலும், கணித நிரலோடு மோதாமையாலும் அச்சொல் தமிழ்நாட்டு வழக்கைவிடத் தெளிவானது எனலாம்.

‘மடக்கு’, ‘மடக்கை’ ஆகியன மற்றோர் இணை. முன்னது கணினிப் பாடத்தில் மீண்டும் மீண்டும் இயங்கும் கட்டளைத் தொகுதி. பின்னது கணிதத்தில் அடுக்கினைக் கண்டறியும் செயல். ஓரெழுத்து வேறுபாட்டில் நிற்கும் இவ்விரண்டையும் ஒரே ஆண்டில் ஒரே மாணவர் படிக்கிறார். தமிழ் இலக்கியம் பயின்றவர்க்கு மூன்றாவதாக மடக்கணியும் நினைவுக்கு வரும். வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தரும் அவ்வணி, மடக்கு என்னும் கணினிக் கருத்தை விளக்கப் பொருத்தமான உவமை. ஒரே கட்டளை மீண்டும் வருகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பு வேறாகிறது.

மோதலைவிடப் பிரிவே பெருந்தீங்கு விளைவிக்கும் இடமும் ஒன்று உண்டு. கணிதத்தில் ‘சார்பு’ எனப்படும் கருத்தும் கணினியில் ‘செயற்கூறு’ எனப்படும் கருத்தும் ஆங்கிலத்தில் ஒரே பெயருடையவை. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் முதல் பாடமே செயற்கூறு பற்றியது. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே வெளியீட்டைத் தரும் தூய செயற்கூறு என்னும் கருத்து அங்கு அறிமுகமாகிறது. கணித வகுப்பில் கற்ற சார்பின் வரையறை இக்கருத்தோடு அப்படியே பொருந்துவது. ஆங்கிலவழி மாணவர் சொல்லைக் கேட்டவுடனே இரண்டையும் இணைத்துக்கொள்ள இடமுண்டு. தமிழ்வழி மாணவர்க்குச் சார்பு ஒரு தீவு; செயற்கூறு மற்றொரு தீவு. கலைச்சொல்லாக்கத்தில் பாடத்துறைகள் தனித்தனியே இயங்கியதன் விலையை மாணவர் செலுத்துகிறார்.

இதற்கு மாறாக, ‘மாறி’, ‘மாறிலி’ என்னும் இணை தமிழ்வழி மாணவர்க்குக் கிடைத்த பேறு. மாறுவது மாறி, மாறாதது மாறிலி. சொல்லே வரையறையாகவும் அமைந்துவிடுகிறது. ‘கணம்’ என்பதும் இரு பாடங்களிலும் ஒரே பொருளில் வழங்குகிறது. கலைச்சொல்லின் வெற்றியை அதன் தூய்மையால் அளவிடாமல், மாணவர் முன்னர் அறிந்தவற்றோடு அது கட்டும் உறவால் அளவிட வேண்டும் என்பதற்கு இவை சான்று.

ஓடாத நிரல்

பதினோராம் வகுப்பு நூல் 2018இலும் பன்னிரண்டாம் வகுப்பு நூல் 2019இலும் புதிய பாடத்திட்டப்படி வெளிவந்தன. அதற்கு முந்தைய திட்டத்தில் அலுவலகப் பயன்பாட்டு மென்பொருளும் சி++ மொழியும் இடம்பெற்றிருந்தன. புதிய திட்டம் பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியையும் வைத்தது. அதனினும் குறிப்பிடத்தக்க மாற்றம், எந்த நிரல்மொழியையும் சாராத கருத்துப் பாடங்களை முன்வைத்ததாகும். பதினோராம் வகுப்பில் விவரக்குறிப்பு, அருவமாக்கம், கூறாக்கம், சுழற்சி, தற்சுழற்சி ஆகியவற்றைக் கற்ற பின்னரே மாணவர் ஒன்பதாம் பாடத்தில் சி++ மொழியைக் காண்கிறார். பன்னிரண்டாம் வகுப்பிலும் செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை, நெறிமுறை உத்திகள் என நான்கு பாடங்கள் கழிந்த பின்னரே ஐந்தாம் பாடத்தில் பைத்தானின் மாறிகள் வருகின்றன.

இவ்வடுக்கு அறிவார்ந்தது என்பதில் ஐயமில்லை. கட்டளைகளை மனனம் செய்வதைவிடச் சிக்கலைப் பகுத்து நோக்கக் கற்பதே நிரலாக்கத்தின் உயிர் என்னும் கொள்கை அதன் பின்னே உள்ளது. குறைபாடு வேறிடத்தில் உள்ளது. இக்கருத்துப் பாடங்களில் உள்ள குறியீடுகளைப் பள்ளிக் கணினி அறையில் இட்டு இயக்கிப் பார்க்க வழியில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கப் பாடங்கள் ஓக்காமல் மொழியை ஒத்த ஒரு குறியீட்டில் எழுதப்பட்டுள்ளன. மாணவர்க்கு அம்மொழி கற்பிக்கப்படுவதில்லை. எழுதியது சரியா தவறா என்று கணினியிடம் கேட்டறிய இயலாத நிலையில், கருத்து வரையறையாகச் சுருங்கி, வரையறை வினாத்தாளின் இரண்டு மதிப்பெண்ணாகச் சுருங்குகிறது. எழுத்துத்தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்னும் பகுப்பில் மாணவரும் ஆசிரியரும் எதன்பால் சாய்வர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்மர் பேப்பர்ட் 1960களின் இறுதியில் ‘லோகோ’ மொழியை உருவாக்கியபோது, குழந்தை தன் உடலசைவால் உணரக்கூடிய ஆமையைத் திரையில் உலவவிட்டார். ஆமை தவறான திசையில் திரும்பினால், தவற்றைக் குழந்தையே கண்ணால் காண்கிறது. அருவமாக்கம் அங்கும் உண்டு. ஆனால் அது இயங்கிய ஒன்றிலிருந்து பிறக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அருவமாக்கம் முதலில் வருகிறது. அருவமாக்குவதற்குரிய பட்டறிவு நான்கு பாடங்களுக்குப் பின்னர் வருகிறது.

எடுத்துக்காட்டுகளும் கருதத்தக்கவை. பதினோராம் வகுப்பு நூலில் உழவர், ஆடு, புல்கட்டு, ஓநாய் ஆகியோர் ஆற்றைக் கடக்கும் புதிர் வருகிறது. நான்கு மாறிகள், ஒவ்வொன்றுக்கும் இடக்கரை அல்லது வலக்கரை என இரண்டு மதிப்புகள். ஒரு சூழலை மாறிகளால் குறிப்பது எவ்வாறு என்பதற்கு இதனினும் எளிய சான்று காண்பது அரிது. ஆயினும் இப்புதிர் தமிழர்க்குப் புதிதன்று. புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று அது வாய்மொழியாக வழங்கி வருகிறது. புலி இருக்க வேண்டிய இடத்தில் ஓநாய் நிற்பது சிறு செய்தியே. எனினும் பாடம் ஆங்கிலத்தில் எண்ணப்பட்டுப் பின் தமிழில் பெயர்க்கப்பட்டது என்பதை அவ்வோநாய் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பாட்டியிடம் கேட்ட புதிர் என்று மாணவர் அடையாளம் கண்டிருந்தால், விடை தெரிந்த ஒன்றை எவ்வாறு குறியீடாக்குவது என்பதில் மட்டும் அவர் மனம் செலுத்தியிருக்கலாம்.

‘எழில்’: ஆனால், வரை, முடி

முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கி, 2009இல் ஆய்வுரையாக வெளியிட்ட ‘எழில்’, தொடக்கநிலை மாணவர்க்கெனத் தமிழ்க் கட்டளைச் சொற்களால் அமைக்கப்பட்ட நிரல்மொழி. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இயக்கியின்மேல் அது இயங்குகிறது. கட்டற்ற மென்பொருளாகவும் கிடைக்கிறது. மதிப்பெண்ணைச் சோதிக்கும் ஒரு நிரல் அதில் பின்வருமாறு அமையும்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் எழுதுக"
முடி

ஆங்கிலவழி நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் வரும். எழிலில் நிபந்தனை முன்னே வந்து ‘ஆனால்’ பின்னே நிற்கிறது. இம்முடிவைத் தமிழிலக்கண நோக்கில் பாராட்ட வேண்டும். தமிழில் நிபந்தனை என்பது தனிச்சொல்லால் முன்னறிவிக்கப்படுவதன்று. வினையின் ஈற்றில் ஏறும் உருபால் உணர்த்தப்படுவது. தொல்காப்பியர் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு எச்சமாக வகுத்ததும், இன்று ‘செய்தால்’ என வழங்குவதும் இதுவே. சொல்லை மட்டும் பெயர்த்திருந்தால் ‘ஆனால் மதிப்பெண் >= 35’ என்று அமைந்திருக்கும்; அதைப் படிக்கும் எந்தத் தமிழரும் முன்னே ஒரு தொடர் விடுபட்டுப்போனதாகவே கருதுவர்.

ஆனால் இக்கொள்கை முழுமையாகப் பின்பற்றப்படவில்லை. ‘பதிப்பி’ என்னும் ஏவல் தன் செயப்படுபொருளுக்கு முன் நிற்கிறது. செயற்கூற்றைத் தொடங்கும் ‘நிரல்பாகம்’, மதிப்பைத் திருப்பி அனுப்பும் ‘பின்கொடு’ ஆகியனவும் முன்னே வருகின்றன. நிபந்தனைக்குத் தமிழ் வரிசை, ஏவலுக்கு ஆங்கில வரிசை என இரட்டை நிலை உருவாகிறது. ஒரே நிரலில் இருவகைத் தொடரமைப்பும் கலப்பதால், எது எங்கே வரும் என்பதை மாணவர் மொழியுணர்வால் ஊகிக்க இயலாமல் மனனம் செய்ய நேர்கிறது. எதை நீக்க இம்மொழி தோன்றியதோ அதே சுமை மறுவழியில் நுழைகிறது. (உ.வே.சாமிநாதையரின் பணியை அறிந்தவர்க்குப் ‘பதிப்பி’ என்னும் சொல் சுவடியையும் பாடவேறுபாட்டையும் நினைவூட்டும். திரையில் ஒரு வரியைக் காட்டுவதற்குக் ‘காட்டு’ என்பதே போதுமானது.)

‘ஆனால்’ என்னும் சொல் இன்றைய வழக்கில் எதிர்மறுப்பு இடைச்சொல்லாகவே பெரிதும் பயில்கிறது. ‘ஆகு’ என்னும் வினையின் நிபந்தனை எச்சமாக அதை உணர்வதற்குச் சற்று இலக்கணப் பழக்கம் வேண்டும். ‘எனில்’ என்பது இம்மயக்கத்திற்கு இடந்தராது. ‘இல்லை’ என்பதும் ‘இல்லையெனில்’ என்று முழுமையுற்றிருந்தால் ‘இல்லை பதிப்பி’ என்னும் விந்தையான தொடர் உருவாகியிராது.

இவற்றினும் ஆழமான சிக்கல் ‘வரை’ என்னும் சொல்லில் உள்ளது. ஒன்று முதல் ஐந்து வரை எண்களைக் காட்டும் எழில் நிரல் இது:

எண் = 1
@( எண் <= 5 ) வரை
    பதிப்பி எண்
    எண் = எண் + 1
முடி

நிபந்தனை உண்மையாக இருக்கும் காலமெல்லாம் உள்ளே உள்ள கட்டளைகள் மீண்டும் இயங்கும். இங்கு ‘வரை’ என்பது ‘உண்மையாக இருக்கும்வரை’ என்னும் பொருளில் கொள்ளப்பட்டுள்ளது. ஆனால் தமிழில் ‘வரை’ இருபொருள் தருவது. ‘மழை பெய்யும்வரை உள்ளே இருந்தான்’ என்றால் பெய்துகொண்டிருந்த காலமெல்லாம் என்று பொருள். ‘மழை பெய்யும்வரை காத்திருந்தான்’ என்றால் பெய்யத் தொடங்கும் நொடி மட்டும் என்று பொருள். இரண்டிலும் எச்சம் ஒன்றே, இடைச்சொல்லும் ஒன்றே. முதன்மை வினையே பொருளை முடிவுசெய்கிறது. நீடிக்கும் நிலையைக் குறிக்கும் வினையோடு சேர்ந்தால் காலநீட்சியும், ஒரு நொடியில் நிகழும் வினையோடு சேர்ந்தால் எல்லையும் உணர்த்துவது ‘வரை’யின் இயல்பு. ‘இருக்கும்வரை’, ‘வரும்வரை’ ஆகியவற்றை ஒப்பிட்டால் இது விளங்கும்.

எனவே ‘எண் ஐந்தாகும்வரை காட்டு’ என்று எண்ணிய மாணவர், தம் மொழியுணர்வை நம்பி நிபந்தனையை ‘@( எண் == 5 ) வரை’ என்று எழுதக்கூடும். தமிழில் அது பிழையற்ற சிந்தனை. கணினி அதை ‘எண் ஐந்தாக இருக்கும் காலமெல்லாம்’ என்று கொள்ளும். எண்ணின் தொடக்க மதிப்பு ஒன்று ஆதலின் நிபந்தனை முதற்சுற்றிலேயே பொய்யாகிறது. ஒரு வரியும் திரையில் தோன்றாது, பிழைச்செய்தியும் வராது. ஆங்கிலத்தில் ‘வைல்’, ‘அன்ட்டில்’ என்று இரு சொற்களால் வேறுபடும் கருத்துகள் தமிழில் ஒரு சொல்லில் உறைகின்றன. தாய்மொழியில் சிந்திக்கும் மாணவரையே தாய்மொழி நிரல்மொழி இடறச்செய்யும் இடம் இது. இதனால் தமிழ் நிரல்மொழி பயனற்றது என்று கொள்ளலாகாது. ‘உள்ளவரை’ என்று ஒரு சொல்லை மாற்றினால் இம்மயக்கம் நீங்கும். நிரல்மொழி வடிவமைப்பு இலக்கணம் அறிந்தோரின் துணையையும் வேண்டுகிறது என்பதற்கு ‘வரை’யைவிட வலிய சான்று தேவையில்லை.

தாய்மொழிக் கட்டளைகள் பயன்தருமா என்னும் பொதுவினாவுக்கு ஓரளவு சான்று உண்டு. சயமிந்து தாஸ்குப்தா, பெஞ்சமின் மாகோ ஹில் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ‘ஸ்கிராட்ச்’ மொழியைத் தம் நாட்டு மொழியில் பயன்படுத்திய தொடக்கநிலையினர், ஆங்கிலத்தில் பயன்படுத்தியோரைவிட விரைவாகப் புதிய நிரலாக்கக் கருத்துகளைக் கையாண்டனர் எனக் காட்டியது. ஐந்து நாடுகளின் பயனர் தரவு அதற்கு அடிப்படை. எனினும் ஸ்கிராட்ச், கட்டைகளை இழுத்துப் பொருத்தும் முறையில் அமைந்தது. சொல்வரிசையை மாணவர் தாமே தட்டச்சு செய்யும் மொழிக்கு அம்முடிவை அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

கட்டளைகளை ஆங்கிலத்திலேயே வைத்து, விளக்கத்தை மட்டும் பேச்சுக்கு அணித்தான தமிழில் தரும் மூன்றாவது வழியும் உள்ளது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழும், து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களும் இவ்வழியைச் சார்ந்தவை. கலைச்சொல் தூய்மையை விரும்புவோர் இவற்றின் கலப்பு நடையைக் குறைகூறலாம். ஆயினும் படித்த உடனே இயக்கிப் பார்க்கலாம் என்னும் ஒரு தகுதியால் அவை பாடநூலை விஞ்சுகின்றன. பின்னர்ப் பொறியியல் கல்லூரியில் மாணவர் எதிர்கொள்ளும் மொழிமாற்றமும் கருதத்தக்கது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய இரண்டையே தேர்ந்தது. கணினி அறிவியல் அவற்றுள் இடம்பெறவில்லை. செயற்கூறு என்று மட்டும் கற்றவர் ‘ஃபங்ஷன்’ என்பதை அங்கு முதன்முறை கேட்பார் என்றால், அது பாடநூலின் பிழை. இரு சொற்களையும் அருகருகே வழங்குவதால் தமிழ் குறைந்துவிடாது.

நிரல்நிறையும் பட்டறை வழக்கும்

பாடநூலுக்கு வெளியே இரு வளங்கள் பயன்படாமல் கிடக்கின்றன. ஒன்று இலக்கணம். பைத்தானில் ‘அ, ஆ = 3, 5’ என்று எழுதினால் அ என்பதற்கு 3ம், ஆ என்பதற்கு 5ம் மதிப்பாக அமையும். பெயர்களை ஒருபுறம் வரிசையாக நிறுத்தி, அவற்றுக்குரியவற்றை மறுபுறம் அதே வரிசையில் நிறுத்துவதே முறை நிரல்நிறை. பள்ளித் தமிழ்ப் பாடத்தில் பொருள்கோள் கற்ற மாணவர்க்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. எதிர்நிரல்நிறையைச் செய்யுள் ஏற்கும், கணினி ஏற்காது என்று கூறினால், இயந்திரம் வாசிக்கும் முறைக்கும் மனிதர் வாசிக்கும் முறைக்கும் உள்ள வேறுபாடும் உடன் விளங்கும். ஆற்றுநீர்ப் பொருள்கோள், கட்டளைகள் மேலிருந்து கீழாக இடையறாது ஓடும் இயல்புக்கு உவமையாகும். முன்னும் பின்னும் சென்று சொற்களைக் கூட்டிப் பொருள்கொள்ளும் கொண்டுகூட்டை எந்த நிரல்மொழியும் தாங்காது.

மற்றொன்று அம்பத்தூரின் பட்டறை. கணினிவழி இயங்கும் கடைசல் இயந்திரத்தில் பணிபுரிபவர் ஒவ்வொரு நாளும் நிரலோடு உறவாடுகிறார். அங்கு ஜி00 என்றால் வெட்டும் கருவியை விரைவாக நகர்த்து. ஜி01 என்றால் குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டு. எம்30 என்றால் நிரல் முடிந்தது. அடிக்கடி வரும் வெட்டு முறையைத் தனியே எழுதிவைத்து எம்98 என்னும் கட்டளையால் அழைப்பதும், எம்99 கண்டவுடன் அழைத்த இடத்துக்குத் திரும்புவதும் பல இயந்திரங்களில் உள்ள நடைமுறை. பாடநூல் செயற்கூறு என்று ஐந்து பக்கங்களில் வரையறுப்பதைப் பட்டறையினர் ‘சப் புரோகிராம்’ என்று ஒரு சொல்லில் அழைத்துச் செல்கின்றனர். புதிய நிரலை ஏற்றியதும் உலோகத்தை வைக்காமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பர். அதற்கு ‘டிரை ரன்’ என்று பெயர். நிரலைத் தாளில் வரிவரியாகப் பின்தொடர்ந்து ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் எழுதிப் பார்க்கும் பயிற்சியும் இதுவே. அப்பட்டறைகளில் பணிபுரிவோரின் பிள்ளைகள் பயிலும் வகுப்பில் இவ்வெடுத்துக்காட்டு ஒருமுறையேனும் இடம்பெறாமல், குரோம்லாந்து என்னும் கற்பனை நாட்டின் பச்சோந்திகள் இடம்பெறுகின்றன. பச்சோந்திப் புதிர் கணித நோக்கில் அழகானதே. நிரலில் பிழை இருந்தால் என்ன நேரும் என்னும் அச்சத்தை அது தராது. கருவி முறியும் ஒலியைக் கேட்டவர்க்கு அவ்வச்சத்தை விளக்கவும் வேண்டா.

செவியால் படிக்கும் நிரல்

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு வந்தால் இவ்வினாக்கள் அனைத்தும் வேறொரு கூர்மை பெறுகின்றன. பார்வைத்திறன் குறையுடையோர்க்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், அத்தகையோர்க்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இவ்வூரில் உள்ளன. நிரலாக்கம் பார்வையற்றோர்க்கு ஏற்ற தொழில்களுள் ஒன்று என உலகெங்கும் நிறுவப்பட்டுள்ளது. நிரல் என்பது எழுத்து. எழுத்தைத் திரைவாசிப்பான் ஒலியாக்கும். 2006இல் தொடங்கப்பட்ட என்விடிஏ என்னும் கட்டற்ற திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது. தமிழ் ஒலிப்பும் அதில் உண்டு.

இந்நிலையில் பாடநூல் தேர்ந்த பைத்தான் மொழியின் ஓர் இயல்பு சிக்கலாகிறது. பைத்தானில் ஒரு மடக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வரியின் தொடக்கத்தில் விடப்படும் வெற்றிடமே உணர்த்துகிறது. கண்ணுக்கு இது தூய்மையான ஏற்பாடு. செவிக்கு வெற்றிடம் என்பது ஒலியின்மை. திரைவாசிப்பானில் வரித்தொடக்க இடைவெளியை எண்ணாகவோ சுரமாகவோ அறிவிக்கும் வசதி உள்ளது. ஆனால் அது அமைப்புகளில் சென்று இயக்க வேண்டியது. இயக்கக் கற்பிக்க ஒருவரும் வேண்டும். பாடநூலின் பாய்வுப்படங்களோ சாய்சதுரத்தாலும் அம்புக்குறியாலும் பேசுகின்றன. அவற்றுக்கு ஈடான சொல்விளக்கம் இருந்தாலொழியச் செவிவழிக் கற்பவர்க்கு அப்பக்கங்கள் வெற்றுத்தாள்.

எழிலின் ‘முடி’ என்னும் சொல் இங்கே எதிர்பாராத மதிப்புப் பெறுகிறது. தொடங்கியதை முடிக்கும் சொல் ஒலியாகக் கேட்கிறது. ‘ஆனால்’ கேட்டவர் ‘முடி’ கேட்கும்வரை உள்ளே இருக்கிறார். கேட்டதும் வெளியே வருகிறார். ஒன்றனுள் ஒன்றாக மூன்று கட்டமைப்புகள் அமைந்தால் ‘முடி, முடி, முடி’ என மும்முறை ஒலிக்கும். எது எதை முடித்தது என்பது அப்போது விளங்காது. மடக்கை முடிக்க ஒரு சொல்லும், நிபந்தனையை முடிக்க வேறொரு சொல்லும் அமைத்தால் இக்குறை தீரும். பார்வையுள்ளோர்க்கு மிகையாகத் தோன்றும் அச்சொற்கள் பூந்தமல்லி வகுப்பறைக்கு வழிகாட்டும் கைப்பிடிகள் ஆகும்.